‘நன்றாக உறங்குகிறார்’ என்று எழுதும் முன்

கேள்வி: ஜி.என்.எம். முடித்துவிட்டு, ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ள தனியார் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். அண்மையில் என்னை வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய ரெக்கவரி அறைக்கு மாற்றினார்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஓர் அம்மாவுக்கு மாஸ்க் வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஆக்சிஜன் அளவு 97 இருந்தது. பிபியும் சரியாக இருந்தது. ‘நன்றாக உறங்குகிறார்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அப்போது உள்ளே வந்த மயக்க மருந்து டாக்டர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, மூச்சு நிமிடத்துக்கு 7 தான் இருக்கிறது என்று சொல்லி உடனே ஒரு ஊசி போட்டார். அந்த அம்மா விழித்துக்கொண்டார். 97 இருந்தபோது எப்படி ஆபத்து வந்தது? இந்த அறையில் நான் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? எப்போது வார்டுக்கு அனுப்பலாம்? தண்ணீர் கேட்டு உறவினர்கள் கதவைத் தட்டும்போது என்ன சொல்வது? நான்கு படுக்கைக்கும் பல நேரங்களில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். இரவில் வீட்டுக்கு வந்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கான விடையிலேயே மற்றக் கேள்விகளின் வேரும் இருப்பதால் அதை விரிவாக எடுத்துக்கொள்கிறேன். விரலில் மாட்டும் கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். மூச்சு போதுமான அளவு ஓடுகிறதா என்பதை அது காட்டாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மாஸ்க் வழியாக நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் ஆக்சிஜன் கொடுக்கும்போது நுரையீரலுக்குள் அது நிறைந்திருப்பதால், மூச்சு பாதியாகக் குறைந்த பிறகும் கருவியில் 97, 98 என்ற எண் அசையாமல் நிற்கும். அதே நேரத்தில், வெளியேற வேண்டிய கரியமில வாயு உள்ளேயே தேங்குகிறது; அது தேங்கத் தேங்க மயக்கம் ஆழமாகிறது; மயக்கம் ஆழமாக ஆக மூச்சு மேலும் குறைகிறது. கடைசியில் எண் இறங்கத் தொடங்கும்போது, 90-க்குக் கீழே அது மளமளவென்று சரியும். அப்போது உங்கள் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் 97 என்பது ஆறுதல் தரும் செய்தி அன்று. இன்னொன்றையும் நம் ஊர்ச் செவிலியர்கள் அறிந்திருக்க வேண்டும்: கருத்த தோல் உள்ளவர்களிடம் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். நீலம் பாய்வதை நகத்தில் தேடாமல் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் பாருங்கள்.

மூச்சை எண்ணுவதற்குக் கருவி வேண்டாம். உங்கள் உள்ளங்கையும் சுவர்க் கடிகாரமும் போதும். நோயாளியின் நெஞ்சும் வயிறும் சேரும் இடத்தில் கையை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இந்த அறைக்கு உதவாது. ஒழுங்கற்ற மூச்சு அதில் மறைந்துபோகும். எண்ணி முடித்ததும் பெயர் சொல்லி அழையுங்கள். இயல்பாக உறங்குபவர் கண் திறந்து, கேட்டதற்கு முழு விடை சொல்லிவிட்டு மீண்டும் உறங்குவார். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலிமருந்துகளின் பிடியில் இருப்பவர் கண் திறப்பார், விடையைத் தொடங்குவார், பாதி வாக்கியத்தில் இமை மூடிவிடுவார். அந்தப் பாதி வாக்கியம்தான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை, ஏனெனில் இந்த மருந்துகளால் மூச்சு குறைவதற்கு முன்பே பெரும்பாலும் விழிப்பு குறைந்துவிடும். மூச்சு நிமிடத்துக்கு 10-க்குக் கீழே வந்தால் உடனே தெரிவியுங்கள். 8 அல்லது அதற்கும் கீழே வந்தால் நோயாளியைத் தட்டி எழுப்பி, மூச்சை இழுத்துவிடச் சொல்லிக்கொண்டே, படுக்கையை விட்டு நகராமல் குரல் கொடுத்து மருத்துவரை அழையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று போட்ட ஊசி, மார்ஃபின் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோனாகப் பெரும்பாலும் இருந்திருக்கும். அதன் வேலை ஏறத்தாழ 30 முதல் 60 நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆனால் மார்ஃபினின் வேலை மூன்று, நான்கு மணி நேரம் நீடிக்கும். மாற்று மருந்து தீர்ந்த பிறகு பழைய மயக்கம் திரும்பி வரலாம் என்பதால், இந்த ஊசி போட்ட நோயாளியைக் குறைந்தது இரண்டு மணி நேரமாவது கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். ‘விழித்துவிட்டார், பேசுகிறார்’ என்று அரை மணியில் வார்டுக்கு அனுப்புவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

மயக்க நிலையில் மூச்சுப் பாதையை அடைப்பது பெரும்பாலும் நோயாளியின் சொந்த நாக்குதான். தசைகள் தளர்ந்திருப்பதால் அது பின்னோக்கிச் சரிந்து தொண்டையை மூடுகிறது. பாதி அடைப்பில் குறட்டைச் சத்தம் கேட்கும். முழு அடைப்பில் சத்தமே இருக்காது. இதனால்தான் ஓசையற்ற படுக்கையை முதலில் பாருங்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வேன். முழு அடைப்பின்போது நெஞ்சு உள்ளே இறங்க, வயிறு மேலே எழும். இரண்டும் ஏற்றப் பலகையின் இரு முனைகளைப் போல மாறி மாறி அசையும். நெஞ்சு அசைவதால் மூச்சு ஓடுகிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. வாயருகே புறங்கையை வைத்தால் காற்று வருகிறதா என்று தெரிந்துவிடும். வரவில்லையென்றால் தலைமாட்டில் நின்று, இரண்டு கைகளின் விரல்களையும் காதுக்குக் கீழே தாடை வளையும் மூலையில் கொடுத்து, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே வரும் அளவுக்குத் தாடையை மேல்நோக்கித் தூக்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு செயலிலேயே பாதை திறந்துவிடும். ஆழ்ந்த மயக்கத்தில் உள்ளவருக்கு, நாக்கு பின்னே சரியாமல் தாங்கும் வளைந்த குழாயான ஏர்வேயை வாயில் வைக்கலாம். குமட்டினாலோ கடித்தாலோ அதை வெளியே எடுத்துவிடுங்கள், திணிக்காதீர்கள். அறுவை செய்த இடம் அனுமதிக்குமானால், முழுதாக விழிக்கும் வரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதே நல்லது. வாந்தி வந்தாலும் அது நுரையீரலுக்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். உடல் பருத்தவர்களிடமும், வீட்டில் பலத்த குறட்டை விடுபவர் என்று உறவினர் சொல்லும் நோயாளிகளிடமும் இருமடங்கு கவனம் தேவை. அந்தக் கேள்வியை அறுவைக்கு முன்பே கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்துவிட்டால் உங்களுக்குப் பெரிதும் உதவும். மூச்சை உள்ளிழுக்கும்போது ‘கீச்’சென்ற ஒலி வந்தால் குரல்வளை இறுகுகிறது என்று பொருள், முழு ஆக்சிஜனுடன் மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பிடித்து, தாடையைத் தூக்கியபடியே மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

இனி, அமைதியற்ற நோயாளியைப் பற்றி. கையை உதறுகிறார், மாஸ்க்கைப் பிடுங்குகிறார், ‘முரண்டு பிடிக்கிறார்’ என்று சொல்லி அவருடைய கைகளைக் கட்டுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் மனம் பதறும். இந்த அறையில் அமைதியின்மை என்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை அது ஆக்சிஜன் குறைவுதான். தசை தளர்த்தும் மருந்தின் வேலை முழுதாக முறியாத நோயாளியும் இப்படித்தான் இருப்பார்: எல்லாம் தெரியும், ஆனால் பேச வராது, அசைவுகள் வலுவின்றி வெட்டி வெட்டி இழுக்கும், இமைகளை முழுதாகத் திறக்க முடியாது. தலையைத் தலையணையிலிருந்து தூக்கி ஐந்து நொடி நிறுத்தச் சொல்லுங்கள். முடியவில்லையென்றால் அவரை விட்டு அகலாமல், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு மயக்கவியல் மருத்துவரை வரவழையுங்கள். தூக்க ஊசி மட்டும் கூடவே கூடாது. மூச்சு சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு அடிவயிற்றைத் தொட்டுச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு வலியைக் கேளுங்கள். முதியவர்களிடம் குழப்பம் தெரிந்தால், இவற்றோடு அவர்களுடைய கண்ணாடியையும் காது கருவியையும் உறவினரிடமிருந்து வாங்கி மாட்டிவிடுங்கள். நம் முகமே தெளிவாகத் தெரியாதவரிடம் பயப்படாதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை.

இந்த அறை ஏன் உண்டானது என்பதை நினைவுபடுத்தினால் உங்கள் பணியின் எடை விளங்கும். சிறிய கிராமப்புற மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்டவர்களைத் தியேட்டரை ஒட்டிய தனி அறையில் தெளியும் வரை வைத்திருக்கும் வழக்கத்தை ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1863-இலேயே எழுதியிருக்கிறார். ஆனாலும் இது எங்கும் பரவ நீண்ட காலமாயிற்று. 1947-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 11 ஆண்டுக் கால இறப்புகளை அலசி, அறுவைக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரத்தில் நிகழ்ந்தவற்றில் ஏறத்தாழப் பாதி தவிர்த்திருக்கக்கூடியவை என்று சொன்னது. அதன் பின்னரே ரெக்கவரி அறை பெரிய மருத்துவமனைகளின் கட்டாயத் தேவையாயிற்று. நீங்கள் அங்கே நிற்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

நோயாளி வருவதற்கு முன்பே, சளியையும் எச்சிலையும் உறிஞ்சும் சக்‌ஷனைப் போட்டு இழுக்கிறதா என்று விரலால் அடைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரின் அளவு, ஆம்பு பேக், மூன்று அளவுகளில் ஏர்வே, அவசர மருந்துகள் ஆகியவை அந்தந்தப் படுக்கையருகே இருக்க வேண்டும். அலமாரிக்குள் இருப்பவை இல்லாதவற்றுக்குச் சமம். ஸ்ட்ரெச்சர் வந்ததும் மாஸ்க்கையும் கருவிகளையும் மாட்டிவிட்டு, அதன் பிறகே மயக்கவியல் மருத்துவரிடம் விவரம் கேளுங்கள்: என்ன அறுவை, எவ்வளவு இரத்தம் போயிற்று, தசை தளர்ச்சியை முறிக்கும் மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, கடைசியாக எந்த வலிமருந்து எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. மூக்கு, தொண்டை, பல் அறுவையென்றால் தொண்டைக்குள் வைத்த துணியை எடுத்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நரம்பில் குத்தியிருக்கும் வென்ஃப்ளான் குழாயில் சலைன் செலுத்திக் கழுவிவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். அதற்குள் தங்கியிருக்கும் சில துளி தசை தளர்த்தும் மருந்து, பிறகு நீங்கள் சாதாரண ஊசி போடும்போது உள்ளே சென்று மூச்சையே நிறுத்திவிடும். இவற்றையெல்லாம் கேட்பதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல மருத்துவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிபியையும் நாடியையும் முதல் 15 நிமிடங்களுக்கு 5 நிமிடத்துக்கு ஒரு முறையும், நிலையாக இருந்தால் அதன் பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும் குறிப்பது பொதுவான வழக்கம். இரத்தக் கசிவை முதலில் காட்டிக்கொடுப்பது நாடிதான். இளவயதினர் உடலிலுள்ள இரத்தத்தில் 15 சதவீதத்துக்கு மேல் இழந்த நிலையிலும் பிபி பெரிதாக இறங்காமல் தாக்குப்பிடிப்பார்கள். நாடி மட்டும் ஏறிக்கொண்டே போகும், கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும். கட்டின் மேற்பரப்பு உலர்ந்திருப்பதை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். இரத்தம் பள்ளத்தை நோக்கி ஓடும் என்பதால், போர்வையை விலக்கி, இடுப்புக்கும் முதுகுக்கும் அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். சிசேரியன் ஆன தாய்க்கு ஒவ்வொரு முறையும் பேடைப் பார்ப்பதோடு, கருப்பை தொப்புளருகே இறுகிய உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படுகிறதா என்றும் தொட்டுப் பார்க்க வேண்டும். மாவு போலத் தளர்ந்திருந்தால் அப்போதே அழையுங்கள்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்த நோயாளிகள் விழித்தே வருவதால் அவர்களைச் சுலபமான கேஸ் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் பிபி சட்டென்று இறங்கலாம், நாடி மெதுவாகலாம். காலில் உணர்ச்சி இல்லாத நேரத்தில் குளிர்கிறதே என்று வெந்நீர்ப் பையை வைத்தால் தோல் வெந்துபோவதுகூட அவர்களுக்குத் தெரியாது. சிறுநீர் முட்டுவதையும் அவர்களால் உணர முடியாது என்பதால் நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். தலையணை இல்லாமல் 24 மணி நேரம் மட்டமாகக் கிடந்தால் தலைவலி வராது என்ற நம்பிக்கை நம் மருத்துவமனைகளில் இன்னும் இருக்கிறது. 1898-இல் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யும் முறையைத் தொடங்கிய ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியர் தம் முதுகிலேயே அதைச் சோதிக்கச் செய்து, இந்தத் தலைவலியால் தாமும் பல நாள் அவதிப்பட்டார்; ஊசித்துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதே காரணம். அதைக் குறைத்தது மெல்லிய ஊசிகள்தான், மட்டமாகக் கிடப்பதால் அது தடுக்கப்படுவதில்லை என்று இப்போது தெளிவாகத் தெரியும். மருத்துவர் எழுதியபடியே செய்யுங்கள். ஆனால் மூச்சுத் திணறும் முதியவரையும் தலையணையின்றிக் கிடத்தத்தான் வேண்டுமா என்று கேட்கத் தயங்காதீர்கள். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் தணியும் தலைவலி அடுத்த இரண்டு மூன்று நாள்களில் வந்தால் சொல்லும்படி உறவினரிடம் கூறி அனுப்புங்கள்.

தியேட்டரின் குளிரும் மயக்க மருந்தும் சேர்ந்து உடல் வெப்பத்தைக் குறைக்கும். நடுக்கம் வந்தால் உடலின் ஆக்சிஜன் தேவை இரண்டு மூன்று மடங்கு கூடும். இதய நோயாளிக்கு அது தாங்காது. ஈரத் துணிகளை அகற்றுங்கள், தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள், ஆக்சிஜனைத் தொடருங்கள், வெப்பநிலையைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வாந்தியைப் பொறுத்தவரை, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால் போதும். வரும் என்று சொல்லும் பெண்களுக்குத் தடுப்பு மருந்து தேவைப்படலாம் என்று மருத்துவருக்கு நினைவூட்டலாம்.

வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லும்படி கேட்க நமக்குக் கற்றுத்தருகிறார்கள். எண் சொல்லிப் பழகாத மூதாட்டியிடம் “வலி காலா, அரையா, முக்காலா ஆத்தா?” என்று கேட்டுப் பாருங்கள், உடனே விடை வரும். அசையாமல் கிடக்கும்போது கேட்பதோடு நிறுத்தாமல், இருமச் சொல்லியும் கேளுங்கள். வலிக்கு அஞ்சி மூச்சை இழுக்காதவருக்கு நுரையீரல் சுருங்கிச் சளி கட்டும். ஆகவே மூச்சு குறையுமோ என்று பயந்து வலிமருந்தை மறுப்பதும் தவறுதான். கொடுத்துவிட்டு அருகிலிருந்து எண்ணுவதே நம் வேலை.

தண்ணீருக்காகக் கதவைத் தட்டும் உறவினர்மேல் எரிச்சல் வேண்டாம். முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடக்கும் தங்கள் மனிதருக்காக அவர்கள் கேட்கிறார்கள். “விழுங்கும் சக்தி இன்னும் முழுதாக வரவில்லை, இப்போது கொடுத்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்; உதட்டை நான் ஈரப்படுத்திவிடுகிறேன்” என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் அமைதியாகக் காத்திருப்பார்கள். நன்றாக விழித்து, தெளிவாகப் பேசி, எச்சிலை விழுங்கத் தொடங்கிய பிறகு, அறுவையின் தன்மையைப் பார்த்து மருத்துவர் அனுமதித்தால் ஒவ்வொரு கரண்டியாகத் தொடங்கலாம். கண்களை மூடியிருக்கும் நோயாளிக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால், அவர் தலைமாட்டில் நின்று நோயைப் பற்றியோ மற்றவர்களைப் பற்றியோ பேசாதீர்கள். “ஆபரேஷன் முடிந்துவிட்டது, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்” என்று காதருகே சொல்லுங்கள்.

வார்டுக்கு அனுப்பும் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்யக் கூடாது. 1970-இல் ஆல்ட்ரெட், குரூலிக் என்ற இருவர் வகுத்த மதிப்பெண் முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: கைகால் அசைவு, மூச்சு, பிபி, விழிப்பு, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டு, பத்துக்கு 9 வந்தால் அனுப்பலாம். நிறத்துக்குப் பதிலாக விரல் கருவியின் அளவு 1995-இல் சேர்க்கப்பட்டது. நல்ல முறைதான், ஆனால் வலியும் வாந்தியும் இரத்தக் கசிவும் அதில் இல்லாததால், பத்துக்குப் பத்து வாங்கியவரும் கட்டுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். எனவே மருத்துவரின் அனுமதியோடு, அனுப்புவதற்கு முன் ஆக்சிஜனைச் சில நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சாதாரணக் காற்றில் எண் தானாக நிற்கிறதா, இறங்குகிறதா என்பது, அன்று அந்த 97 மறைத்ததை உங்களுக்கு வெளிப்படையாகக் காட்டிவிடும்.

நான்கு படுக்கைக்கு ஒருவர் என்பது உங்கள் திறமையால் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று. தன் மூச்சுப் பாதையைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு செவிலியர் வேண்டும். தெளிந்து நிலையாக இருப்பவர்களென்றால் இருவரை ஒருவர் பார்க்கலாம். இதை நர்சிங் சூப்பிரண்டெண்டிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், தேதியிட்டு எழுதிக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை இரண்டு மயக்க நோயாளிகள் ஒரே நேரத்தில் உங்களிடம் இருந்தார்கள் என்பதைப் பதிவேட்டிலிருந்தே எடுத்து எழுதுங்கள். அது வரை, முதல் நோயாளி விழித்துப் பேசும் முன் அடுத்தவரை அனுப்ப வேண்டாம் என்று தியேட்டர் சிஸ்டரிடம் பேசி வையுங்கள். அனுப்பியே தீர வேண்டுமென்றால், மயக்கவியல் மருத்துவரோ தியேட்டர் செவிலியரோ அந்தப் படுக்கையருகே நிற்க வேண்டும் என்று கேளுங்கள். மயக்கத்தில் உள்ளவரைக் கதவுக்கு அருகிலோ மூலையிலோ போடாமல் உங்கள் மேசைக்கு எதிரே, முகம் தெரியும்படி படுக்க வையுங்கள். பதிவேட்டை எழுதும்போதும் அவர் தலைமாட்டிலேயே நின்று எழுதுங்கள்.